நாலாவது பெட்டிக்குப் போன உத்தரவு

ஒரகடத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியின் டெஸ்டிங் பிள்ளைகள் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. போன மாதம் திவ்யா அதில் ஒரு படம் போட்டிருந்தாள். மகளுக்கு வாங்கிய புது கீபோர்டின் பின்பக்கம். "அக்கா, இதுல நீங்க சொல்ற அந்த அஞ்சு ஓட்டை ரவுண்டு சாக்கெட்டே இல்ல. ஒரே ஒரு சின்ன வயரு, கம்ப்யூட்டர்ல சொருகினா ரெண்டும் பேசிக்குது. இதுக்குன்னு நம்ம ஏரியாவுல ஒரு கம்பெனியே இருந்துச்சாமே? எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தாள்.

எழுதுகிறேன். ஆனால் படித்துவிட்டு "அக்கா அந்தக் காலத்துலயே எவ்ளோ தைரியம்" என்று யாரும் பதில் போடக் கூடாது. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். என் வீட்டுக்காரர் இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. ஆனால் டெஸ்டிங் வேலைக்கு என்னைப் போன்றவர்கள்தான் லாயக்கு என்பது என் கட்சி. தைரியசாலி ஒரு தடவை பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று அடுத்ததற்குப் போய்விடுவான். எனக்கு அப்படிப் போக மனசு வராது.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்தேன். அம்பத்தூரில் ரேடியோ பாகங்களைப் பொருத்துகிற இடத்தில் கொஞ்ச காலம், அப்புறம் கல்யாணம், குன்றத்தூருக்குக் குடிவந்தது. அங்கிருந்து தினமும் பஸ்ஸில் சுங்குவார்சத்திரம். நெடுஞ்சாலையில் டீக்கடைகளைத் தாண்டி உள்ளே போனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான ஷெட். இப்போது அந்தப் பக்கம் பார்த்தால் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கின்றன. நான் சொல்வது தொண்ணூற்றொன்றாம் வருஷம். அப்போது எங்கள் ஷெட்டைச் சுற்றி வேர்க்கடலைக் கொல்லைதான்.

நாங்கள் செய்தது கைக்கு அடக்கமான ஒரு தகரப் பெட்டி. சினிமாப் பாட்டு பதிவு செய்கிற ஸ்டூடியோக்களில் அப்போதுதான் கம்ப்யூட்டர் நுழைந்துகொண்டிருந்தது. ஒருவர் வாசித்ததைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொண்டு, நாலைந்து கீபோர்டுகளுக்கு ஒரே நேரத்தில் கட்டளை கொடுக்கும். ஒன்று வயலின் மாதிரி ஒலிக்கும், ஒன்று புல்லாங்குழல் மாதிரி. கம்ப்யூட்டரிலிருந்து வருகிற கம்பி ஒன்றுதான். கீபோர்டுகளோ நாலு. அதனால் கம்பி எங்கள் பெட்டிக்குள் வரும். பெட்டி அதைத் தன்னுடைய கீபோர்டுக்கு ஒன்று, அடுத்த பெட்டிக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும். அடுத்த பெட்டியும் அதையே செய்யும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்தக் கம்பியில் ஓடுகிற பாஷைக்கு மிடி என்று பேர்.

எங்கள் டெஸ்டிங்குக்கு வரதராஜன் சார் பொறுப்பு. தந்தி மாதிரி செய்தி அடிக்கிற டெலக்ஸ் மெஷின் ரிப்பேரில் தலை நரைத்தவர். அவரிடம் ஒரு குணம். லைனில் ஈயத்தை உருக்கி சால்டர் வைக்கிற பெண்ணிலிருந்து பெருக்குகிறவர் வரை எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் அந்த மரியாதை இன்னும் கூடும். "ஸ்டெல்லா, தயவு செஞ்சு இங்க கொஞ்சம் வர்றீங்களா?" என்றால் அன்று பார்த்த பெட்டிகளையெல்லாம் மனசுக்குள் மறுபடி எண்ண ஆரம்பித்துவிடுவேன். குரலை உயர்த்தியே கேட்டதில்லை. திட்டுகிற ஆளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சேர்ந்த முதல் வாரம் அவர் முன்னால் "சவுண்டு இந்தக் கம்பியில வருதுங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். சிரிக்கவில்லை. கம்பியின் முனையை ஒரு ஸ்பீக்கரில் கோத்து, கீபோர்டில் என்னை வாசிக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்தது சர்ச்சில் பாடுகிற பாட்டு ஒன்றுதான். அதை வாசித்தேன். ஸ்பீக்கரில் மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி கர்ர் என்றது.

"இதுல பாட்டே கிடையாதுங்க. உத்தரவு மட்டும்தான் இருக்கு. இந்தக் கட்டையை அழுத்துன்னு ஒரு உத்தரவு. அழுத்தினதை விடுன்னு இன்னொரு உத்தரவு. ரெண்டும் தனித்தனி. அழுத்துன்னு சொன்னதோட நிறுத்திக்கிட்டா என்ன ஆகும், சொல்லுங்க?"

"சத்தம் நிக்காதுங்க சார்."

"நிக்கவே நிக்காது. அந்தப் பக்கம் இருக்கிற கீபோர்டுக்குச் சொந்த புத்தி இல்லைங்க. விடுன்னு சொல்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கும்."

அன்றிலிருந்து என் கனவில்கூட நிற்காத சத்தம் வர ஆரம்பித்தது. சும்மா சொல்லவில்லை.

அவர் வகுத்த டெஸ்ட் முறையை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பெட்டியை மேஜை நடுவில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் உத்தரவு அனுப்புகிற சின்ன மெஷின், இன்னொரு பக்கம் எங்களிடம் இருந்த ஒரே கீபோர்டு. முதலில் ஒவ்வொரு கட்டையாக இடமிருந்து வலம். ஒவ்வொன்றும் ஒலித்து நிற்க வேண்டும். அப்புறம் மொத்தமாகப் பல கட்டைகள் ஒரே நேரத்தில். பிறகு கம்பியை இரண்டாவது சாக்கெட்டுக்கு மாற்றி மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் வேண்டுமென்றே கம்பியை ஆட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் தேறினால் மூடிக்குள் பச்சை நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. அது என் நிறம்.

நெயில் பாலிஷ் எங்கள் ஷெட்டின் வழக்கம். சால்டர் வைக்கிற பெண்கள் ஆளுக்கொரு நிறம் வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் பெட்டிக்குள் ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். எந்தப் பெட்டி யார் கை என்று அதிலேயே தெரிந்துவிடும். மெரூன் பொட்டு கஸ்தூரியுடையது.

இன்னொரு விதியும் இருந்தது. டெஸ்ட் மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிக்கு மேல் இருக்கவே கூடாது. பார்த்ததும் பார்க்காததும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக சார் போட்டது. பச்சைப் பொட்டு வைத்த கையோடு பெட்டி அட்டைக்குள் போய்விடும், அப்புறம்தான் அடுத்தது மேஜைக்கு வரும். எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். பயந்தவர்களுக்கென்றே செய்த விதி அது.

கஸ்தூரி பிள்ளைப்பாக்கத்துப் பெண். விவசாயக் குடும்பம், வீட்டிலேயே முதல் மாதச் சம்பளம் அவளுடையதுதான். வாய் ஓயாது, கையும் ஓயாது. லைனில் மற்றவர்கள் ஒரு பெட்டி முடிப்பதற்குள் இவள் இரண்டாவதை எடுத்திருப்பாள். சால்டர் ஒவ்வொன்றும் முத்து மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கும். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரு ஒப்பந்தம். வேலை இருக்கிற வரை கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. மாப்பிள்ளை தயாராக இருந்தார், அதுதான் சிக்கல். சொந்தத் தாய்மாமன், மனைவியை இழந்தவர். அவர் மடியில் உட்காரவைத்துதான் இவளுக்குக் காது குத்தியிருக்கிறார்கள்.

"வேல போன அன்னிக்கே தட்ட மாத்திக்குவாங்கக்கா. எங்க மாமன் நல்லவருதான். அதுக்கின்னு கட்டிக்கினு வாழ முடியுமா? நெனச்சாலே ஒடம்பெல்லாம் என்னமோ பண்ணுது" என்று சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் டிபன் பாக்ஸில் பாதி சோறு அப்படியே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கோடம்பாக்கம் பக்கம் இருந்த ஒரு ஸ்டூடியோவிலிருந்து புகார் வந்தது. எங்கள் பெட்டி நாலை வாங்கியிருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு ஸ்வரம் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்கிறதாம். கீபோர்டை அணைத்தால்தான் நிற்கிறதாம். வயலின்காரர்கள், பாடகர் என்று ஊரே காத்துக்கொண்டிருக்க, பதிவை நிறுத்த வேண்டியதாகி, அங்கே இசையமைக்கிற மாஸ்டர் எங்கள் எம்.டி.க்கு போன் போட்டுக் கிழித்துவிட்டார்.

நாலு பெட்டியும் திரும்பி வந்தன. சார் நின்றுகொண்டு பார்க்க, நான் ஒவ்வொன்றாக மேஜையில் வைத்துப் பார்த்தேன். நாலும் தங்கம். ஒரு கட்டைகூடப் பிடித்துக்கொள்ளவில்லை. மறுபடி பார்த்தேன்.  தப்பு இருந்தால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். தப்பே இல்லாத பெட்டி எப்படித் தப்புச் செய்தது என்பதுதான் என்னைத் தின்றது.

எம்.டி. வந்து மூடிகளைத் திறந்து பார்த்தார். நாலிலும் மெரூன் பொட்டு.

"நாலும் ஒரே பொண்ணு கைல போனதா? அப்புறம் என்ன சார் டவுட்டு? உள்ள எங்கேயோ சால்டர் சரியா பிடிக்கல. ஆடினா விட்டுப் போகுது."

அது அநியாயம். எங்கள் ஷெட்டிலிருந்து போன பெட்டிகளில் முக்கால்வாசி அவள் பொட்டு வைத்தவைதான். எந்தப் பெட்டி கெட்டாலும் அவள் பேர்தான் முதலில் வரும். இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டேனே ஒழிய வாயில் வரவில்லை. வரதராஜன் சார்தான் வாய் திறந்தார். மெதுவாக, "சார், கொஞ்சம் அவகாசம் கொடுத்தீங்கன்னா பார்த்துடலாம்" என்றார்.

"அவகாசமா? வியாழக்கிழமை நாமளே ஸ்டூடியோ போறோம். அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. மாஸ்டர் கண்ணு முன்னாடி எல்லா சால்டரையும் திரும்ப வைக்கட்டும். அதுக்கப்புறமும் நிக்கலைன்னா அந்தப் பொண்ணு மறுநாள்லேர்ந்து வர வேணாம்."

எம்.டி. கெட்ட மனுஷன் இல்லை. அந்த வருஷம் நாட்டில் டாலரே இல்லை என்று பேப்பரில் எழுதினார்கள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பார்ட்டுகள் எதுவும் வந்து சேரவில்லை. ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைத்ததை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அவரும் எங்களைப் போலவே பயந்துபோய்த்தான் இருந்தார். பயந்தவர்களுக்குச் சட்டென்று கைக்கு அகப்படுகிற ஆள் ஒருத்தர் வேண்டும், அன்று கஸ்தூரி அகப்பட்டாள்.

வியாழக்கிழமை வேனில் கஸ்தூரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சால்டர் இரும்பு வைத்திருந்த பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பூந்தமல்லி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அப்புறம் திடீரென்று, "யக்கா, நான் சரியா வெக்கலியா? நீ பாத்தல்ல?" என்றாள்.

"பார்த்தேன்டி. சரியாத்தான் இருக்கு."

"பின்ன எதுக்குக்கா நிக்க மாட்டேங்குது?"

எனக்கென்ன தெரியும்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஸ்டூடியோ உள்ளே ஏ.சி. குளிர் எலும்பில் இறங்கியது. மாஸ்டர் வயசானவர், வெள்ளை ஜிப்பா. எங்களை "உட்காருங்க" என்றுகூடச் சொல்லவில்லை. எம்.டி. அவர் பக்கத்தில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கஸ்தூரி தரையில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்து, நாலு பெட்டியிலும் ஒரு சால்டர் விடாமல் உருக்கித் திரும்ப வைத்தாள். இத்தனை பேர் பார்க்கும்போதும் அவள் கை நடுங்கவில்லை. மூக்கு நுனியில் மட்டும் வேர்வை நின்றது.

பெட்டிகளைக் கோத்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து முதல் பெட்டி, அதிலிருந்து இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. மாஸ்டர் கம்ப்யூட்டரைத் தட்டினார். பாட்டு ஆரம்பித்தது. நல்ல வேகமான பாட்டு. நான் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சேசுவே, சேசுவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பல்லவி முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. கஸ்தூரி என்னைப் பார்த்தாள். சரணத்தில் எல்லாம் சேர்ந்து ஒலிக்கிற இடம் வந்தது. அதைத் தாண்டியதும் எல்லாம் நின்றன. ஒன்று மட்டும் நிற்கவில்லை. கடைசி கீபோர்டில், புல்லாங்குழல் குரலில் ஒரே ஸ்வரம், ஊ என்று.

 அது பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் எழுந்து போய் அதை அணைத்தார். அணைத்துவிட்டு எம்.டி.யைப் பார்த்தார். எம்.டி. கஸ்தூரியைப் பார்த்தார். அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

வரதராஜன் சார் யாரையும் பார்க்கவில்லை. பெட்டிகள் கோத்திருந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டெல்லா, நம்ம மேஜையில இப்படி ஒண்ணோட ஒண்ணு கோத்து என்னைக்காவது பார்த்திருக்கோமா?"

"இல்லைங்க சார். ஒரு நேரத்துக்கு ஒரு பெட்டிதானே சார் வைக்கச் சொன்னீங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கோப்பதற்கென்றே பெட்டி செய்கிற கம்பெனி நாங்கள். இரண்டைக் கோத்துப் பார்த்தது கிடையாது. டெஸ்ட் மேஜையில் ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது, வைத்ததும் இல்லை. சாரின் முகம் வெளுத்தது. "தயவு செஞ்சு ஸ்கோப்பைக் கொண்டு வர்றீங்களா?" என்றார்.

ஸ்கோப் என்பது கம்பியில் ஓடுகிற மின்சாரத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற கருவி. வேனிலிருந்து தூக்கி வந்தேன். முதல் பெட்டியிலிருந்து வெளிவருகிற இடத்தில் முனையை வைத்தார். திரையில் மதில் சுவர் மாதிரி நேராக ஏறி, நேராக இறங்குகிற கோடு. இரண்டாவது பெட்டியில் அந்தச் சுவர் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மூன்றாவதில் இன்னும் சாய்வு. நாலாவதில் சுவர் என்று சொல்ல எதுவுமில்லை, கரைந்த மண்மேடுதான். அழுத்து எது, விடு எது என்று கீபோர்டு எப்படிக் கண்டுபிடிக்கும்? அழுத்து என்கிற உத்தரவு தொலைந்தால் அத்தனை இரைச்சலில் ஒரு ஸ்வரம் குறைந்தது யாருக்கும் தெரியாது. விடு தொலைந்தால் தெருவுக்கே கேட்கும்.

சார் நாலாவது பெட்டிக்குள் இருந்த ஒரு சின்ன கறுப்புச் சிப்பை விரலால் தொட்டார். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் மின்சாரம் நேராகத் தொட்டுக்கொள்ளாமல் இருக்க, அதற்குள் ஒரு குட்டி விளக்கும் ஒரு குட்டிக் கண்ணும் இருக்கும். விளக்கு எரிந்து அணைவதைக் கண் பார்த்து அந்தப் பக்கம் சொல்லும். வெளிநாட்டுச் சிப்பில் அது சட்டென்று நடக்கும். அது வராததால் ரிச்சி தெருவில் வாங்கினோமே, அந்தச் சிப்பில் கண்ணுக்கு விளக்கு அணைந்தது உடனே தெரியவில்லை, துளி தாமதம். ஒரு பெட்டியில் அந்தத் துளி ஒன்றும் செய்யாது. நாலு பெட்டியில் நாலு துளி.

"இந்தச் சிப்பு போதும்னு யார் சொன்னது?" என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். ஒரு பெட்டியில் போட்டு ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்னது சார்தான்.

எம்.டி. அவரைக் கதவோரம் அழைத்துக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவு முழுசாகச் சாத்தவில்லை. எனக்கும் கஸ்தூரிக்கும் எல்லாம் கேட்டது.

"சார், பார்ட்டுல தப்புன்னு நீங்க மாஸ்டர்கிட்ட சொன்னா, இதுவரைக்கும் போன எல்லா பெட்டியும் திரும்பி வரும். நல்ல பார்ட்டுக்கு எங்க போறது? லைனை இழுத்து மூட வேண்டியதுதான். சால்டருன்னு சொல்லுங்க. ஒரு பொண்ணோட போயிடும். இத்தனை பேர் குடும்பம் இருக்கு, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

அந்த இத்தனை பேரில் நானும் ஒருத்தி. அந்த நிமிஷம் என் மனசு எங்கெல்லாம் போனது என்று எழுதினால் யாருக்கும் என்மேல் மரியாதை இருக்காது. வீட்டு வாடகை, பையனின் ஸ்கூல், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. கஸ்தூரி என் மணிக்கட்டைப் பிடித்தாள். 

"யக்கா, அவரு இன்னா சொல்லப் போறாரு?"

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அப்புறம் மிகமிக மரியாதையாக, "நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க சார். யோசிச்சுட்டேங்க" என்று சொல்லிவிட்டு நேராக மாஸ்டரிடம் நடந்தார்.

"ஐயா, சால்டர்ல எந்தக் குறையும் இல்லைங்க. அந்தப் பொண்ணு வேலை சுத்தம். சிப்பு மெதுவா இருக்கு. அதைச் சரின்னு சொன்னவன் நான். கோத்துப் பார்க்காம விட்டதும் நான். ஒரு மணி நேரம் கொடுத்தீங்கன்னா இங்கேயே ஒரு வழி பண்ணிக் காட்டறேன்."

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குச் சாயங்காலம் ரெக்கார்டிங் இருக்கு. அதுக்குள்ள முடிங்க" என்றார்.

சார் சொன்ன வழி இதுதான். உத்தரவு நாலு சிப்பைத் தாண்டிப் போவதால்தானே கரைகிறது? அப்படியானால் ஒரே சிப்பைத் தாண்ட வைத்து, அங்கேயே நாலு கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கீபோர்டுக்கும் நேராக அனுப்பிவிடலாம். பெட்டிக்குள் பிரித்துக் கொடுக்கிற இன்னொரு சிப்பில் உபயோகிக்காத கால்கள் மிச்சம் இருந்தன. மற்ற பெட்டிகளிலிருந்து சாக்கெட்டைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும்.

"கஸ்தூரி, இரும்பைச் சூடு பண்ணுங்க" என்றார் சார்.

அவள் அசையவில்லை. "என்னால முடியாது சார். கை ஓட மாட்டேங்குது. தப்பா வெச்சிட்டா மறுபடியும் எம்மேலதான் வந்து விடியும்."

"வராதுங்க. நான் சொல்ற இடத்துல வைக்கிறீங்க. சொன்னது தப்பா இருந்தா அது என் தப்பு."

அவள் உட்கார்ந்தாள். சார் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காலாகக் காட்டினார். நான் வயரைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சிப்பின் கால்கள் எறும்புக் கால்கள். இரண்டு கால்களுக்கு நடுவில் ஈயம் ஒழுகினால் முடிந்தது கதை. முதலில் வைத்த சால்டர் அசிங்கமாக வந்தது, அவளே அந்த ஈயத்தைப் பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டாள்.  மணிக்கட்டைத் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். இரண்டாவது நன்றாக உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவள் நிமிரவே இல்லை. எம்.டி. பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். 

முடித்ததும் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை குனிந்தபோது சார், "போதும் ஸ்டெல்லா, விடுங்க" என்றார்.

நாலு கீபோர்டுகளுக்கும் நேராகக் கம்பி போனது. மாஸ்டர் இந்தத் தடவை கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, அது போதாதென்று தானும் ஒரு கீபோர்டில் உட்கார்ந்து கூடவே வாசித்தார். வேண்டுமென்றே சிக்கலாக, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாசித்தார். சரணம் வந்தது. அந்த இடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் நின்றன.

எந்தக் கீபோர்டும் ஊதவில்லை. ஏ.சி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு எந்தப் பாட்டும் அந்த மௌனம் மாதிரி இனித்ததில்லை. மாஸ்டர் மறுபடி வாசித்தார், மறுபடி நிறுத்தினார். நின்றது. அவர் பாராட்டவெல்லாம் இல்லை. "இது ஓடுது. எனக்கு இன்னும் ரெண்டு இதே மாதிரி வேணும். பழசெல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கஸ்தூரி இரும்பைக் கீழே வைக்க மறந்து நின்றுகொண்டிருந்தாள். நான்தான் வாங்கி ஸ்டாண்டில் வைத்தேன்.

எம்.டி. சாரை மறுபடி வெளியே அழைத்துப் போனார். இந்தத் தடவை கதவு சாத்தியிருந்தது. என்ன பேசினார்கள் என்று தெரியாது. எம்.டி. தன் காரில் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் வேனில் ஏறினோம். சார் எப்போதும் டிரைவர் பக்கத்தில் உட்காருவார். அன்று பின்னால் எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

வேன் போரூர் தாண்டியது. நாலு கிளைப் பெட்டியை எப்படிச் செய்ய வேண்டும், எதை எதை அளந்து பார்க்க வேண்டும், முதல் வேலையாக நாலு கீபோர்டு வாங்கச் சொல்லி எம்.டி.யிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். லைன் ஓடும், மெதுவான சிப்பு இதற்குப் போதும், ஒரு பெட்டிக்கு ஒன்றுதானே என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவையும் இன்றைக்கே எதற்குச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கஸ்தூரிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கேட்கப் பயந்து பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள். பூந்தமல்லி வந்ததும் கேட்டுவிட்டாள்.

"சார், நாளிக்கு நான் வேலைக்கு வரலாங்களா?"

"கண்டிப்பா வரணுங்க. இந்தப் பெட்டிக்கு உங்க கை வேணும்னு எம்.டி.கிட்ட சொல்லியாச்சு, அவரும் ஒத்துக்கிட்டார். நான்தான் வரமாட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. முதலில் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"இன்னா சார் சொல்றீங்க? எனக்காவயா?"

"உங்களுக்காக இல்லைங்க. சிப்பைச் சரின்னு சொன்னது நான்தானே."

"அத்த ஏன் சார் இவ்ளோ மரியாதையா சொல்றீங்க?" என்று கத்தினாள் கஸ்தூரி. "ரெண்டு வார்த்த திட்டுங்க சார். என்னையாவது திட்டுங்க!"

சார் டிரைவரிடம் நிறுத்தச் சொன்னார். வேன் நின்றது, அவர் வீடு அங்கேதான். குனிந்து இறங்கினார். வெளியே நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "பார்த்துப் போங்கம்மா" என்றார். வேன் கிளம்பிய பிறகும் கஸ்தூரி அழுதுகொண்டே இருந்தாள், சுங்குவார்சத்திரம் வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.